நான் கீழே இறங்காத காலை

லண்டனில் ஆற்றங்கரையோரத்து ஹோட்டல் ஒன்றில் பதினெட்டு வருடமாக அறை துப்புரவு செய்கிறேன். ஒரு ஷிப்டுக்குப் பதினாறு அறை. கதவைத் திறந்ததும் உள்ளே தங்கியிருந்தவர் எப்படிப்பட்டவர் என்று மூக்கே சொல்லிவிடும். அத்தனை வருடத்தில் நான் ஒரு ஹோட்டலில் விருந்தாளியாகத் தங்கியதில்லை. முதல்முறை தங்கியது இந்தோனேசியாவில், மெடான் நகரத்தில், ஐந்து நாள். என் தம்பியைப் பார்க்கப் போயிருந்தேன்.

வீட்டில் நான் மூத்தவள், அவன் கடைக்குட்டி. பன்னிரண்டு வயது வித்தியாசம். நான் கல்யாணமாகி டென்மார்க்குக்குப் போகும்போது அவன் காற்சட்டையோடு திரிந்த பிள்ளை. பிறகு, நாங்கள் லண்டனுக்குக் குடிமாறுவதற்கு முன்னால், ஒரே ஒருமுறை ஊருக்குப் போனேன், அப்போது அவனுக்கு இருபது வயது, என்னோடு கதைக்கவே வெட்கப்பட்டான். ஊரில் சண்டை முடிந்து சில வருடங்களில் அவுஸ்திரேலியாவுக்கென்று படகு ஏறினான். நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டது. இந்தோனேசிய மீனவர்கள் இழுத்துக்கொண்டு போய்க் கரை சேர்த்தார்கள். அன்றிலிருந்து பன்னிரண்டு வருடம் அவன் அங்கேதான், மெடானில் அகதிகள் முகாம் ஒன்றில். அகதி என்று ஒத்துக்கொண்டு ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். வேலை செய்யக்கூடாது, ஏதாவது ஒரு நாடு கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டம்.

கனடாவில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் சிலர் சேர்ந்து அவனைப் பொறுப்பெடுக்கக் கையெழுத்திட்டார்கள். அந்தப் படிவத்தை ஈஸ்ட் ஹாமில் எங்கள் சமையலறை மேசையில் இருந்து நான்தான் நிரப்பினேன். போனில் ஒவ்வொரு கேள்வியாக வாசிப்பேன், அவன் பதில் சொல்வான். கல்யாணம் ஆனவரா என்ற கேள்வியை நான் வாசிக்கவேயில்லை. இல்லை என்ற கட்டத்தில் நானே புள்ளடி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். படிவத்தைப் படமெடுத்து அனுப்பியபோது பார்த்திருப்பான். ஒன்றும் சொல்லவில்லை.

நேர்முகம் முடிந்து, இனி வைத்தியப் பரிசோதனை மட்டும்தான் மிச்சம் என்ற கட்டம் வந்தபோது, அவன் விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. கணவர் இறந்த பிறகு எனக்கும் லண்டனில் மகளை விட்டால் யாருமில்லை. அம்மா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. தம்பி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன விடுதி ஒன்று போதும் என்றுதான் சொன்னேன். மகள் கேட்கவில்லை. வேலைக்காக அடிக்கடி பறப்பவள், அதில் சேர்ந்த புள்ளிகளை வைத்து மெடானின் பெரிய ஹோட்டல் ஒன்றில் அறை எடுத்துவிட்டாள். ஒரு தடவையாவது உன் கட்டிலை வேறு யாராவது விரிக்கட்டும் அம்மா என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டு தம்பிக்காக வாங்கிய தடித்த குளிர்க் கோட்டு ஒன்று இருந்தது. கனடாக் குளிருக்கு. மெடானில் விமானத்தை விட்டு இறங்கியபோது என் கண்ணாடி ஈரம் படிந்து மூடிக்கொண்டது.

அந்த ஹோட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசலில் வரும் கார்களின் அடியில் கண்ணாடி விட்டுப் பார்த்தார்கள். உள்ளே போகிறவர்கள் ஒரு இரும்புச் சட்டகத்துக்குள்ளால் போக வேண்டும். அதைத் தாண்டியதும் குளிர், வாசனை, தேவாலயம் மாதிரி உயரமான கூரை, சுவர் முழுக்க ஒரு மீன்தொட்டி. லிப்டில் கடும் மணம் வீசும் டுரியான் பழம் கொண்டுவரக்கூடாது என்று படம் போட்டிருந்தது. எனக்குப் பதினொன்றாம் மாடி. அறையின் கூரை மூலையில் ஒரு சிறிய பச்சை அம்புக்குறி ஒட்டியிருந்தது. தொழுகிறவர்களுக்குத் திசை காட்டுவது என்று பிறகு தெரிந்தது. கட்டில் விரிப்பின் மூலை மடிப்பை இழுத்துப் பார்த்தேன். விரித்தவள் நன்றாகச் செய்திருந்தாள், எங்கள் சூப்பர்வைசர்கூடக் குறை சொல்ல மாட்டாள். குளியலறையில் வடிகாலைக் குனிந்து பார்த்தேன். ஒரு முடிகூட இல்லை.

மறுநாள் காலை எழும்பி, பழக்க தோஷத்தில், கட்டிலை நானே விரித்து, கைகழுவும் தொட்டியைத் துடைத்து, குப்பையைக் கட்டிக் கதவருகே வைத்துவிட்டேன். துப்புரவுக்கு வந்த பெண் அறையைப் பார்த்துவிட்டுப் பயந்துபோய் நின்றாள். தன் வேலை பிடிக்கவில்லையோ என்று நினைத்திருப்பாள். கையை நெஞ்சில் வைத்து ஏதோ மன்னிப்புப்போலச் சொன்னாள். எனக்கு அவளுடைய மொழி தெரியாது. நானும் இதே வேலைதான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன், அவளுக்கு விளங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். விருந்தாளியாக இருப்பது எனக்கு வராது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பத்து மணிக்குத் தம்பி வந்தான். லொபியில் காத்திருந்த எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. இரும்புச் சட்டகத்துக்கு முன்னால், யாரும் சொல்லாமலே, இரண்டு கையையும் விரித்துத் தூக்கியபடி ஒரு மெலிந்த மனிதன் நின்றுகொண்டிருந்தான். முன்னால் முடி கொட்டியிருந்தது. காவலாளி சிரித்து, கையை இறக்கலாம் என்று சைகை காட்டினார். அப்போதுதான் அந்தத் தோளின் சரிவைக் கண்டேன். எங்கள் அப்பாவின் தோள்.

கட்டிப் பிடித்துக்கொண்டோம். அழுவோம் என்று நினைத்திருந்தேன், இரண்டு பேரும் அழவில்லை. இருபது வருடத்துக்கு மேல் காணாதவர்கள் என்ன கதைப்பது என்று தெரியாமல், பயணம் எப்படி, சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டு நின்றோம். அறைக்கு வா என்று லிப்டுக்குக் கூட்டிப் போனேன். ரிசப்ஷனில் இருந்த இளைஞர் மிகவும் மரியாதையாக மறித்தார். பார்க்க வருபவர்கள் மாடிக்குப் போவதென்றால் பாஸ்போர்ட்டோ இந்நாட்டு அடையாள அட்டையோ வேண்டுமாம். தம்பி தன் அகதி அட்டையை நீட்டினான். அந்த இளைஞர் அதை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். அப்படி ஒன்றை அவர் முன்பு கண்டதில்லை. லொபியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று சொல்லி, இரண்டு கையாலும் பிடித்து அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். நான் வாதாடப் போனேன். வேண்டாம் அக்கா, இது நெடுக நடக்கிறதுதான் என்று தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான்.

அப்படியே இரண்டு நாள் லொபியில் இருந்தோம். வெல்வெட் நாற்காலியின் நுனியில்தான் இருப்பான், யாரோ எழுப்பிவிடப் போவது மாதிரி. கோப்பி வந்தால் நன்றி சொல்ல எழும்பி நிற்பான். அவன் முழங்கைக்குக் கீழே பொட்டுப் பொட்டாக எண்ணெய்க் காயங்கள். என்ன இது என்று கேட்டதற்கு முகாம் சமையல் என்றான். நீ இருக்கும் இடத்தைப் பார்க்க வருகிறேன் என்றேன். வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள், அது நீங்கள் பார்க்கிற மாதிரி இடமில்லை என்று தட்டிக் கழித்தான். வெட்கப்படுகிறான் என்று நினைத்து வற்புறுத்தாமல் விட்டேன். பின்னேரம் மூன்று மணியானால் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பான். நான்கு மணிக்கு பஸ் என்று எழும்பிவிடுவான்.

நான்தான் அதிகம் கதைத்தேன். ரொறொன்ரோவில் அவன் இருக்கப்போகும் வீடு, எந்த வேலைக்குச் சேரலாம், நாற்பத்திரண்டு ஒன்றும் பெரிய வயதில்லை, அங்கே நல்ல பெண்கள் இருக்கிறார்கள் என்றெல்லாம் கதைத்தேன். ஓம் அக்கா, ஓம் அக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் காலையில் ரிசப்ஷனில் பொறுப்பாக ஒரு பெண் இருந்தாள், என் மகளின் வயதுதான் இருக்கும். அவளிடம் போய், நான் லண்டனில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறவள், இவன் என் கூடப்பிறந்தவன், இவனுக்கு ஒரு நல்ல கட்டிலில் ஒரு மணி நேரம் படுக்கக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது, உங்களுக்கு விளங்கும் என்றேன். யாருக்கோ போன் எடுத்தாள். பிறகு தம்பியின் பெயரை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு பின்னேரம் வரைக்கும் என்று விட்டாள்.

அறைக்குள் வந்தவன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கட்டிலில் படுக்க மாட்டேன் என்றான். குளிக்கட்டுமா என்று மட்டும் கேட்டான். சுடுதண்ணீர் விழும் சத்தம் முக்கால் மணி நேரம் கேட்டது. நான் சன்னலோரம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் பயணத்தில் நான் அவனுக்குக் கொடுத்தது அது ஒன்றுதான். வெளியே வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சவர்க்காரம் பட்டதோ, வேறு எதுவுமோ, நான் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்து, போட்டுப் பார் என்றேன். போட்டான். கண்ணாடிக்கு முன்னால் திருப்பி நிறுத்தி, கை அளவு சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சிப்பை மேலே இழுக்காமல் அப்படியே நின்றான்.

"அக்கா, நான் கனடாவுக்குப் போகேல்லை."

பயம் பிடித்துவிட்டது என்று நினைத்து, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், நானும் டென்மார்க்கில் இறங்கினபோது அழுதவள்தான் என்றேன். அவன் கோட்டைக் கழற்றி மடித்துக் கட்டில் நுனியில் வைத்தான்.

"பயமில்லை அக்கா. எனக்கு இஞ்சை ஒரு மகள் இருக்கிறா. ஆறு வயசு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அவனுடைய முகாமின் வாசலில் வாழைப்பழம் பொரித்து விற்கும் பெண். எட்டு வருடத்துக்கு முன்னால் சின்னச் சேர்ச் ஒன்றில் நாலு பேர் முன்னிலையில் கட்டினார்களாம். அரசாங்கத்தில் பதிய முடியாது, அவனிடம் அதற்கான காகிதம் இல்லை. அதனால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் மட்டும்தான், தகப்பன் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருக்கிறது. கையில் இருந்த காயங்கள் அவளோடு நின்று பொரித்ததில் வந்தவை. அதுவும் ஒளித்துத்தான், அவன் வேலை செய்யக்கூடாதே. மூன்று மணிக்குப் போனைப் பார்த்தது அவள் அனுப்பும் செய்திக்காக.

அவர்களையும் படிவத்தில் சேர்ப்போம், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்போம், இன்னும் சில வருடம் போனால் போகட்டும் என்றேன். அவளுடைய தகப்பன் பாரிசவாதத்தில் படுக்கையில் இருக்கிறார், அவரை விட்டு அவள் வரமாட்டாள் என்றான். அவளைக் கேட்காமல் இருப்பானா, எத்தனையோ தரம் கேட்டுவிட்டானாம்.

"அப்ப ஏன்டா எங்களுக்குச் சொல்லேல்லை?"

"அம்மா ஒவ்வொரு கிழமையும் எனக்குப் பொம்பிளை பாத்துக்கொண்டிருந்தவ. எப்பிடிச் சொல்லுறது? நீங்களும் படிவத்தில கேக்காமலே போட்டிட்டியள்." பிறகு சொன்னான், "அம்மாவின்ர செத்தவீட்டை நான் வீடியோவில பாத்தனான் எல்லோ. அண்டைக்கு என்ர மனுசியும் பிள்ளையும் எனக்குப் பக்கத்தில இருந்தவை. கமராவுக்குத் தெரியாத பக்கத்தில."

இப்போது நினைத்தால், அந்த இடத்தில் நான் அவன் தலையைத் தடவியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. எத்தனை பேர் உனக்காக அலைந்தோம், அந்தச் சனத்தின் முகத்தில் நான் இனி எப்படி முழிப்பது, அம்மா உன்னை நினைத்து நினைத்தே உருகிச் செத்தா என்று தொடங்கினேன். வாய் நிற்கவில்லை. கடைசியில் சொன்னேன்:

"பதிவும் இல்லை, பேரும் இல்லை. அதுக்குப் பேர் குடும்பமோ?"

அவன் குளியலறைக்குள் போனான். தான் பாவித்த துவாயை எடுத்து, ஈரப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, கம்பியில் ஒழுங்காகத் தொங்கவிட்டான். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்று, நாளைக்கு வர முடியாது என்றான்.

"நாளையிண்டைக்குக் காலமை, நீங்கள் வெளிக்கிட முதல், அவையளைக் கூட்டிக்கொண்டு வாறன். பாக்கிறதெண்டா கீழ வாங்கோ அக்கா."

அடுத்த நாள் முழுவதும் அந்த ஹோட்டலில் தனியாக இருந்தேன். காலைச் சாப்பாட்டு மேசையில் இருபது வகை வைத்திருந்தார்கள், கஞ்சி மட்டும் கொஞ்சம் குடித்தேன். நீச்சல் குளத்தைச் சுற்றி நடந்தேன். துப்புரவுக்காரப் பெண் வந்தபோது அறையை அவளிடம் விட்டுவிட்டு நடைபாதையில் போய் நின்றேன். கோபத்தை வளர்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். மகளுக்குப் போன் எடுத்து எல்லாம் நல்லாகப் போகிறது என்றேன். அறையும் வசதியாக இருக்கிறதா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

கடைசி நாள் காலை ஒன்பதரைக்கு அறைப் போன் அடித்தது. பெட்டி கட்டி முடித்து, சேலைகூட உடுத்தி, கட்டில் நுனியில் இருந்தேன். போன் எட்டு ஒன்பது தடவை அடித்து நின்றது. பிறகு திரும்ப அடித்தது. மூன்றாம் முறையும் அடித்தது.

ஏன் எடுக்கவில்லை என்று என்னை நானே எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறேன். கோபம் இருந்தது, உண்மைதான். அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க என்னிடம் ஒரு சின்னச் சாமான்கூட இல்லை என்ற வெட்கமும் இருந்தது. ஆனால் அடியில் கிடந்தது இதுதான்: அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டால் நான் தோற்றுவிடுவேன். கனடா முடிந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டிவரும். இரண்டு வருடமாக நான் கட்டி எழுப்பியதை அவ்வளவு சுலபமாக விடமாட்டேன் என்று அந்த நேரத்தில் பிடிவாதம் பிடித்துக்கொண்டு இருந்தேன். பார்க்காவிட்டால் அவன் மனம் மாறுவான் என்றுகூட நினைத்தேன்.

ஒரு மணி நேரம் அப்படியே இருந்துவிட்டு, கோட்டை அலுமாரியில் தொங்கவிட்டுவிட்டுக் கீழே போனேன். லொபியில் அவர்கள் இல்லை. தம்பியை மாடிக்கு விட்ட அதே பெண்தான் ரிசப்ஷனில் இருந்தாள். உங்கள் குடும்பம் இவ்வளவு நேரமும் காத்திருந்தது, அறையில் யாரும் போன் எடுக்கவில்லை, உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன் என்றாள். குழந்தை மீன்தொட்டிக்கு முன்னாலேயே நின்றதாம். மீன்களுக்குப் பெயர் வைத்து எண்ணிக்கொண்டிருந்ததாம். போகும்போது கண்ணாடியில் படிந்த பிள்ளையின் கைவிரல் அடையாளத்தைத் தாய் சட்டையின் நுனியால் துடைத்துவிட்டுப் போனாளாம். அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் என்மேல் ஏதாவது இருந்ததா என்று பார்த்தேன். வழமையான மரியாதைதான் இருந்தது.

தம்பிக்குப் போன் எடுத்தேன், அவன் எடுக்கவில்லை. விமான நிலையத்துக்குப் போகும் ரயிலில் இருக்கும்போது செய்தி வந்தது. பரவாயில்லை அக்கா, மனுசிக்குக் கடை திறக்க வேணும், அதுதான் நிக்கேலாமல் போட்டுது, கவனமாப் போங்கோ என்று எழுதியிருந்தான். அதற்கு நான் வந்து சேர்ந்துவிட்டேன் என்று லண்டனிலிருந்துதான் பதில் போட்டேன்.

கனடாக்காரர்களுக்கு அவனே எழுதி, விண்ணப்பத்தை மீளப் பெற்றுக்கொண்டான். எல்லாருக்கும் கோபம். அவன் எழுதியதை அவர்கள் எனக்கு அனுப்பினார்கள். என்னைப் பற்றி ஒரு குறையும் அதில் இல்லை. அக்காவுக்கு இதில் ஒன்றும் தெரியாது, பிழை முழுக்க என்னுடையது என்று எழுதியிருந்தான்.

மகளுக்கு நான் ஆறு மாதமாகச் சொல்லவில்லை. பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை, ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு வரும்போது நடைபாதையில் வைத்தே சொல்லிவிட்டேன், ஏன் அந்த இடத்தில் என்று தெரியாது. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். கீழே இறங்கிப் போய்ப் பார்க்காதவளா நீ என்று திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. ஐந்து நாளில் நான் அதைக் கேட்கவே இல்லை. அந்த நேரம் என் மகள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

அன்று பின்னேரமே அவள் மாமாவுக்குப் போன் எடுத்தாள். இப்போது ஞாயிறு காலையில் அவர்கள் கதைக்கிறார்கள், அங்கே அப்போது பின்னேரம். பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிக்கும் கொஞ்ச ஆங்கிலத்தில் ஏதாவது சொல்லும், மகள் சிரிப்பாள். நான் சமையலறையில் நிற்பேன். தம்பி என்னோடும் கதைப்பான், குளிர் எப்படி, முழங்கால் நோ எப்படி என்று கேட்பான். அடுத்த வருடம் வருகிறேன் என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். ஓம் அக்கா, வாங்கோ என்கிறான். கடைக்கு வரும் யாருக்கும் சொல்கிற குரல்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் திடீரென்று போனை என் பக்கம் திருப்பிவிட்டாள். ஒளிய நேரமில்லை. திரையில் பிள்ளை வாயில் பொரித்த வாழைப்பழத்தோடு என்னை நன்றாக உற்றுப் பார்த்தது. பிறகு தகப்பனிடம் திரும்பித் தங்கள் மொழியில் நீளமாக ஏதோ கேட்டது. அவன் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு, இரண்டே சொல்லில் ஏதோ சொன்னான்.

என்ன கேட்கிறாள் என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை அக்கா," என்றான். "சின்னப்பிள்ளை எல்லோ, சும்மா."

அதை மொழிபெயர்க்க மகளுக்கும் தெரியாது. நான் திரும்பக் கேட்கவில்லை.